இடது வாசலில் வேலப்பன்

ராயபுரம், கல்மண்டபம்
3-1-1954

அன்புள்ள அண்ணன் பக்ருதீன் அவர்களுக்கு, தங்கை மரியம் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் மலிகாவும் அல்லாஹ் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். தங்கள் சுகமும் அண்ணி ஷரீஃபுன்னிசாவின் சுகமும் அறிய ஆவல். டில்லிக் குளிரில் அண்ணிக்கு மூச்சிரைப்பு வராமல் இருக்கிறதா?

இத்தா முடிந்து ஐந்து நாளாகிறது. மலிகாவின் அத்தா கப்பலில் இரும்பு விழுந்து மௌத்தானதிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் நான் வாசற்படி தாண்டவில்லை. தாண்டியதும் முதலில் போனது துறைமுக கேட்டுக்குத்தான். அங்கே கப்பல் சரக்கைக் கணக்குப் பார்க்கும் கிளார்க் அருள்நாதன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். விடவில்லை. நின்று கேட்டேன். சொல்லிவிட்டார்.

நாற்பதாம் பாத்திஹா அன்று நம் எம்.பி. வேலப்பன் வீட்டுக்கு வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா. திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ ஒண்ணியும் கவலப்படாதேமா. விசாரணைக்கு நீ வர வேணாம். உனக்கோசரம் நான் சொல்றேன்" என்றான். துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவன்தானே தலைவன். மலிகா கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அக்டோபரில் நஷ்டஈட்டு விசாரணை நடந்தபோது நான் திரைக்குள் உட்கார்ந்து அவனுக்கு துஆ செய்துகொண்டிருந்தேன்.

அங்கே அவன் சொன்னது இது. "ஹபீபுல்லா அன்றைக்கு வேலையில் இல்லை. தோஸ்து ஒருவரைத் தேடிக்கொண்டு கப்பலுக்குள் வந்தவர். இரும்புக் கட்டு அறுந்து விழுந்த இடத்தில் அவருக்கு வேலையே கிடையாது." சொல்லிக் கையெழுத்தும் போட்டான். தினக்கூலிக்குப் பெயர்ப் புத்தகம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். காலையில் மேஸ்திரி கை காட்டுகிறவன் உள்ளே போவான், அவ்வளவுதான். அதனால் செத்தவன் அங்கே இருந்தான் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை. இப்போது சங்கத்துக்கு, அன்றைக்கு ஆள் வைத்து வேலை வாங்கிய காண்டிராக்டர் புதுக் கட்டிடம் கட்டிக் கொடுக்கிறார்.

அருள்நாதன் சாட்சி சொல்ல மாட்டார். நான்கு பிள்ளைகள். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

அண்ணன், "வேலப்பன் நல்ல மனுஷர், நம்பு" என்று எனக்கு எழுதியது நீங்கள்தான்.

இப்படிக்குத் தங்கை,
மரியம்

*

புது டில்லி, கோல் மார்க்கெட், சேவகர் குவார்ட்டர்ஸ்
20-1-1954

என் அருமைத் தங்கை மரியத்துக்கு அண்ணன் சலாம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணிக்குப் படித்துக் காட்டியபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகள் மலிகாவுக்கு எங்கள் துஆ. அவள் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் உன்னை நம்பச் சொன்னேன். மறுக்கவில்லை. துரையோடு பட்லராக டில்லிக்கு வந்து, அவர் சிபாரிசில் இந்தப் பார்லிமெண்டு மாளிகையில் சேவகனாகப் பத்து வருஷமாக நிற்கிறேன். எத்தனையோ மெம்பர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். நின்று என் பெயரைக் கேட்டவர் வேலப்பன் ஒருவர். "ராயபுரமா பாய் நீ? இந்த ஊர்ல ஒயுங்கா ஒரு மீன் கொயம்பு கெடைக்கல பாய்" என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அண்ணி ஆற்று மீனில் வைத்துக் கொடுத்ததைத் தட்டை வழித்துச் சாப்பிட்டார். சோறு போட்டு மனுஷனை எடைபோட்டுவிட்டேன், அதுதான் என் புத்தி.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். அவர் குடிக்கும் தண்ணீரில் எதையாவது கலக்கச் சொல்லாதே. மற்றதைச் செய்கிறேன்.

அண்ணன்,
பக்ருதீன்

*

ராயபுரம்
11-2-1954

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு மரியம் சலாம். நான் திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பெட்டிக்குள் குச்சி அடுக்குகிற வேலை. விரல் நுனியெல்லாம் மருந்து வாசனை, மற்றபடி சுகம். மலிகா பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணி சுகத்துக்கு எழுதவும்.

தண்ணீரில் கலக்க வேண்டாம். அவன் சாவதால் எனக்கு என்ன கிடைக்கும்? அவன் உயிரோடு இருந்து, இந்தத் துறைமுகத்துச் சனங்கள் அவன் முகத்தைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும். அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

விசாரணையில் அவன் சொன்னது நான்கு சுவருக்குள் நடந்தது. வெளியே சொன்னால், புருஷனை இழந்தவள் புலம்புகிறாள் என்பார்கள். ஆனால் பார்லிமெண்டில் ஒருத்தன் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டான் என்பதை அச்சடித்துப் புத்தகமாகப் போடுகிறார்கள் என்று அருள்நாதன் சொல்கிறார். அதை அவன் இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா? காண்டிராக்டர் கொடுத்ததைத் தின்றவன், கூலிக்காரன் பக்கம் கை தூக்க மாட்டான். என்றைக்காவது எதிர்ப்பக்கம் போவான். அன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வேலை வாசலில் நிற்பது. நின்று பாருங்கள். எழுதுங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கை,
மரியம்

*

புது டில்லி
26-9-1954

தங்கை மரியத்துக்கு அண்ணன் சலாம். இங்கே மழை விட்டு வெயில் வந்துவிட்டது. அண்ணிக்கு உடம்பு தேவலை. உன் விரல்களைத் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்.

ஏழு மாதமாக ஏன் எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். எழுத ஒன்றும் இல்லை. நீ நினைப்பது போல் இங்கே தினமும் ஓட்டு நடப்பதில்லை. "ஆம் என்போர் சொல்லுங்கள், இல்லை என்போர் சொல்லுங்கள்" என்பார் சபாநாயகர். எல்லாரும் கூச்சல் போடுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அதுதான் முடிவு. கூச்சலில் யார் குரல் யாருடையது? யாராவது எழுந்து, எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால்தான் மணி அடிப்போம், வெளிக்கதவைச் சாத்துவோம். ஆம் என்பவர் வலது வாசலில் போக வேண்டும், இல்லை என்பவர் இடது வாசலில். உள்ளே ஒரு கிளார்க் ஒவ்வொரு பெயருக்கும் கோடு போடுவார். அந்தப் பட்டியல்தான் புத்தகத்தில் அச்சாகும். நான் நிற்பது இடது வாசலில்.

இதுவரை ஐந்து முறை மணி அடித்தது. மூன்று முறை வேலப்பன் ஊரிலேயே இல்லை. ஒரு முறை காண்டீனில் இருந்தான், மணி கேட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு முறை வலது வாசலில் போனான், அது ஏதோ ரயில்வே சமாசாரம். இவ்வளவும் உன் நோட்டுக்கு.

இன்னும் மீன் குழம்பு கேட்கிறான். அண்ணி வைத்துக் கொடுக்கிறாள். நிறுத்தினால் சந்தேகப்படுவான்.

அண்ணன்,
பக்ருதீன்

*

ராயபுரம்
20-5-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கும் அண்ணிக்கும் மரியம் சலாம். பெருநாள் வாழ்த்து பிந்தி எழுதுகிறேன், மன்னிக்கவும். மலிகா பெரியவளாகிவிட்டாள். என் கண் கொஞ்சம் மங்குகிறது, வேறு குறை இல்லை.

நோட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒன்பது வரிதான். நான் சலிக்கவில்லை. ஆனால் இப்போது ஒரு நல்ல சேதி.

பெருநாள் தொழுகை முடிந்து சனங்கள் வெளியே வரும்போது வேலப்பன் மாலையோடு நின்றான். துறைமுகத்து ஆட்களெல்லாம் சுற்றி நின்றார்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தினக்கூலிக்குப் பேர் பொஸ்தகம் வேணுன்னு டில்லில ஒரு மசோதா வருது. செத்தா அவன் வேலைல இருந்த ஆளுன்னு சொல்றதுக்கு ஒரு பேர் வேணுமா இல்லியா? அதுக்கு நான் கை தூக்குவேன். தூக்கலன்னா இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்."

பெண்கள் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். செத்தால் பெயர் வேண்டுமாம். என் வீட்டுக்காரர் பெயரைச் சோற்றில் பூசணிக்காய் போல மறைத்த வாயால் சொல்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது என்றாலும் ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது. அவனே தன் வாயால் தன் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டான். அடுத்த வருஷம் தேர்தல். அண்ணன், அந்த மசோதா வருகிற அன்று நீங்கள் லீவு எடுக்கக் கூடாது.

தங்கை,
மரியம்

*

புது டில்லி
30-11-1956, வெள்ளி

மரியத்துக்கு சலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை, மெட்ராஸ் மெயில் கிளம்புவதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

இன்று சாயங்காலம் உன் மசோதா வந்தது. எண்ணச் சொன்னார்கள். மணி அடித்தேன். கதவு சாத்தியாயிற்று. கூட்டம் எழுந்தது. வேலப்பன் எழுந்தான். இடது வாசல் வழியாக, என் தோளில் இடித்துக்கொண்டு போனான். இல்லை என்கிற பக்கம். என் கண்ணால் கண்டேன். மசோதா தோற்றிருக்கும், கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. மெம்பர்கள் போக்குவரத்தை வெளியே எழுதுவது என் வேலைக்கு ஆகாத காரியம். அச்சான புத்தகம் வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை பொறு. அதைக் காட்டி அடி.

பக்ருதீன்

*

ராயபுரம்
22-12-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு மரியம் ஆயிரம் சலாம். உங்களுக்கும் அண்ணிக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். நாங்கள் சுகம். மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

புத்தகம் வரும்வரை பொறுக்க முடியவில்லை. வேலப்பன் டில்லியிலிருந்து வந்ததும் கூட்டம் போட்டு, மசோதாவுக்கு ஆதரவாக நின்றேன் என்று அளந்தான். அவன் வாய்க்கு முன்னால் என் வாய் எம்மாத்திரம்? அதனால் உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அருள்நாதனுக்குத் தெரிந்த அச்சாபீஸில் அதை அப்படியே பிளாக் எடுத்து நோட்டீஸ் போட்டோம். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவார்கள் என்றார்கள். 'என் கண்ணால் கண்டேன்' என்ற வரியைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறது.

நான் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். காத்திவாக்கம் குப்பத்திலிருந்து துறைமுக கேட்டு வரைக்கும் ஒரு வீடு விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு நானே படித்துக் காட்டினேன். தீப்பெட்டிக் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் குப்பம்மா, "இன்னாடி இது, மசூதி வாசல்ல நின்னு சத்தியம் பண்ணானே, கலீஜ் பையன். வரட்டும் எங்க தெருவுக்கு" என்றாள். போன ஞாயிறு அவன் ஜீப் தண்டையார்ப்பேட்டையில் நின்றபோது சாணி விழுந்தது. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

தேர்தல் மார்ச்சு முதல் வாரமாம். கோபிக்காதீர்கள், அண்ணன்.

தங்கை,
மரியம்

*

டில்லி, நிஜாமுதீன், தர்கா சந்து
12-2-1957

தங்கை மரியத்துக்கு அண்ணன் சலாம். விலாசம் மாறியிருக்கிறது, இனி இதற்கே எழுது. புது இடத்தில் குழாயடியில் வழுக்கி விழுந்து அண்ணிக்கு வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. சமையல் நான்தான். மலிகா எப்படி இருக்கிறாள்?

இதை நிதானமாகப் படி.

அச்சான புத்தகம் வந்துவிட்டது. நூலகத்தில் வேலை செய்யும் லட்சுமணன் எனக்கு வாசித்துக் காட்டினான். 'இல்லை' பட்டியலில் வேலப்பன் பெயர் கிடையாது. 'ஆம்' பட்டியலில் இருக்கிறது. அச்சுப் பிழையோ என்று கோடு போடும் கிளார்க்கிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "உன் ஊர்க்காரர் கூட்டத்தோடு கூட்டமாக இடது பக்கம் வந்துவிட்டார். என் மேஜை வரைக்கும் வந்து நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய், தவறான வாசலில் போய்விட்டேன், என்னை ஆம் பக்கம் எழுதுங்கள் என்று சபாநாயகரிடம் கேட்டுக்கொண்டார். முடிவு சொல்வதற்கு முன் கேட்டால் மாற்றி எழுதலாம், அது சட்டம்" என்றார்.

அவர் உள்ளே போனதை நான் பார்த்தேன். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. பார்க்க நான் அங்கே இல்லை. கதவு திறந்ததும், முடிவு சொல்வதற்குக்கூட நிற்காமல், உனக்கு எழுத ஓடிவிட்டேன். கண்ணால் கண்டேன் என்று எழுதினேனே, அது பாதி காட்சி.

மரியம், அவர் உன் புருஷனுக்குச் செய்தது பாவம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இதை அவர் செய்யவில்லை. நோட்டீஸை நிறுத்து. தப்பாக எழுதிவிட்டேன் என்று என் பெயரிலேயே இன்னொன்று போடு. இன்னும் இருபது நாள் இருக்கிறது. உடனே பதில் எழுது.

அண்ணன்,
பக்ருதீன்

*

ராயபுரம்
28-3-1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு மரியம் சலாம். நாங்கள் சுகம். உங்களிடமிருந்து டிசம்பருக்குப் பிறகு கடிதமே இல்லை. கோபமா, தபால் கோளாறா தெரியவில்லை. அண்ணியின் கை எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்துவிட்டார்களா?

வேலப்பன் தோற்றுவிட்டான். ஜெயித்தவர் யார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஓட்டுச் சாவடியில் பெட்டிக்கு ஒரு சின்னம் ஒட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். அவனுடையது தராசுப் பெட்டி. நான் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பக்கத்துப் பெட்டியில் போட்டேன். போன தடவை மலிகாவின் அத்தா அவனுக்காக வீடு வீடாகப் போய், தராசு தராசு என்று தொண்டை கட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

எண்ணிக்கை அன்று ராயபுரம் பக்கம் அவன் வரவே இல்லை. சங்கத்துக் கட்டிடத்தில் கல்லெறிந்தார்கள். போலீஸ் வந்தது. காண்டிராக்டர் இப்போது அவன் வந்தால் நாற்காலி போடுவதில்லை என்று அருள்நாதன் சொல்கிறார். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம்.

நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன்.

தங்கை,
மரியம்

*

டில்லி, நிஜாமுதீன்
9-4-1957

மரியத்துக்கு சலாம்.

அண்ணியின் கை சேர்ந்துவிட்டது. கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது.

அவள் கை முறிந்ததை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். இந்த தர்கா சந்து விலாசத்தையும் அதில்தான் கொடுத்தேன். உன் உறையின் மேல் அதே விலாசம் இருக்கிறது.

நோன்பு நாள். திட்டி எழுதக் கூடாது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். விலாசம் ஏன் மாறிற்று என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் நோட்டீஸ் ஒன்றை யாரோ இங்கே மெம்பர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆபீஸர் கூப்பிட்டு மேஜையில் வைத்து, "இது உன் எழுத்தா?" என்றார். என் எழுத்துத்தான் என்றேன். குற்றம் என்னுடையது. விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸ் போயிற்று. இப்போது தர்கா வாசலில் அத்தர் விற்கிறவர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லியிருப்பேன். சொன்னால் நீ வருத்தப்பட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் போவாயோ என்று விட்டுவிட்டேன். பார், நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

என் வேலை போனது போகட்டும். என் கையெழுத்தில் ஒரு பொய் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. அதை நீதான் கிழிக்க வேண்டும். கிழிப்பாயா?

பக்ருதீன்

*

ராயபுரம், கல்மண்டபம்
2-6-1957

அண்ணன் அவர்களுக்கு மரியம் சலாம். இரண்டு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கீழே இருக்கிறது. இந்தக் கடிதத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. மாலை நேரம், மலிகா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படித்தேன். மடித்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். மறுநாள் வழக்கம் போல் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். அவன் செய்யாததற்காகத்தான் அவனை அடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. செய்ததற்காக அடிக்க எனக்கு யார் வழி விட்டார்கள்?

உங்கள் வேலை போனது எனக்குத் தெரியாது. விலாசம் மாறியதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்க பயமாக இருந்தது. அதுதான் நான் செய்த பாவம். வேறொன்றுக்கும் நான் வெட்கப்படவில்லை.

போன வாரம் வேலப்பன் வந்தான். ஜீப் இல்லை, நடந்து வந்தான். வழக்கப்படி திரைக்கு அந்தப் பக்கம் நின்று இருமினான். நான் திரையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே நின்றேன். கையில் அந்த அச்சுப் புத்தகம் வைத்திருந்தான். விரல் வைத்துக் காட்டினான்.

"பாரும்மா. என் பேரு எங்க கீது பாரு. ஆம்ல கீது. உங்கண்ணன் எயுதினது பொய்."

"தெரியும்" என்றேன்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தை மூடினான். பிறகு சொன்னான். "கூட்டத்தோட கூட்டமா கால் எடது பக்கம் பூட்சி. காண்டிராக்டர் சொல்லிதான் அனுப்பியிருந்தாரு, அந்தப் பக்கமே பூடுன்னு. மேஜை கிட்ட கிளார்க்கு என் பேரக் கேட்டான். பேரச் சொல்ல வாயத் தொறந்தேன், உன் வூட்டுக்காரன் பேருதான் வந்திச்சி. திரும்பிட்டேன். அஞ்சு வருசத்துல அன்னிக்கி ஒரு நாள்தாம்மா நான் ஒயுங்கா நடந்தேன். அதுக்குப் போயி இப்டி பண்ட்டியே."

அண்ணன், இதைக் கேட்டால் மனம் இளகும் என்று நினைத்திருப்பான். உங்களிடம் மறைக்க என்ன, ஒரு நொடி இளகியது. அப்புறம், "மலிகாவோட அத்தாவும் அன்னிக்கி ஒயுங்காத்தான் வேலைக்குப் போனாரு" என்றேன். "அவரு இருந்த எடத்துல இல்லேன்னு நீங்க எயுதினீங்க. நீங்க இல்லாத எடத்துல இருந்தீங்கன்னு நான் எயுதினேன்."

அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான். ஆடி மாதம் சங்கத் தலைவர் தேர்தல் வருகிறதாம். நோட்டீஸ் பொய் என்று நான் ஒரு கூட்டத்தில் வந்து சொன்னால் பிழைத்துக்கொள்வானாம். அதற்குப் பதிலாக என்ன வேண்டுமென்று கேட்டான். அருள்நாதனைக் கூப்பிட மலிகாவை அனுப்பினேன். காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 1953 ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி ஹபீபுல்லா வேலையில்தான் இருந்தார், மேஸ்திரி கை காட்டி உள்ளே அனுப்பினார், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று. கையெழுத்துப் போட்டான். அருள்நாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அவர் தயங்கவில்லை.

காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டேன். கூட்டம் என்றைக்கு, நான் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும், தானும் மேடையில் பக்கத்தில் இருக்கட்டுமா என்றெல்லாம் கேட்டான்.

"நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க" என்றேன். "நீங்க வர வேணாம். உங்களுக்கோசரம் நான் சொல்றேன்."

கை கூப்பிவிட்டுப் படி இறங்கினான். நான்கு எட்டு வைத்த பிறகுதான் அது தன்னுடைய வார்த்தை என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தெருவிலேயே நின்று திரும்பிப் பார்த்தான். நான் திரையை இறக்கிவிட்டேன்.

கூட்டத்துக்கு நான் போக மாட்டேன். நோட்டீஸைக் கிழிக்கவும் மாட்டேன். உங்கள் பெயருக்காக நீங்களே உண்மையை எழுதிப் போட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அது உங்கள் உரிமை.

நேற்று விசாரணை ஆபீஸுக்குப் போனேன். காலம் கடந்துவிட்டது, வழக்கை மறுபடி எடுக்க முடியாது என்றார் ஆபீஸர். எனக்கு ஒரு காசு வேண்டாம், அந்தப் பைலில் அவன் போட்ட பழைய காகிதத்தின் மேல் இதை வைத்துக் கட்டுங்கள், அது போதும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி, மேலே வைத்துக் கட்டினார். ஹபீபுல்லா, தினக்கூலி, வேலையில் இருந்தார். என் கண்ணாலேயே கண்டேன், கட்டி முடிக்கும்வரை நின்று கண்டேன்.

நீங்களும் அண்ணியும் இங்கே வந்துவிடுங்கள். வீடு சின்னதுதான், ஆனாலும் கடல் மீன் கிடைக்கும். அண்ணியின் கை கோணலாகச் சேர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். மீன் கழுவ முடிகிறதா? முடியாவிட்டால் என்ன, நான் கழுவிக் கொடுக்கிறேன்.

தங்கை,
மரியம்